பக்கத்து சீட்

அன்புள்ள அம்மாவுக்கு, இங்வில் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் வர்தோவில் காற்று அடங்கியதா?

இந்த ஓஸ்லோவை மூன்றே நாளில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. நேற்று வேலை முடிந்து ட்ராமில் வந்தேன். பெட்டி முழுக்கக் காலி. இந்த ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி நானும் பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தேன். வயதான இத்தாலிக்காரி ஒருத்தி ஏறினாள். நேரே வந்து, பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இங்கே யாராவது இப்படிச் செய்வார்களா?

"இவ்வளவு சீட்டு காலியா கிடக்கே, கண்ணு தெரியலையா?" என்றேன்.

"தனியா உட்காரவா இவ்வளவு தூரம் வந்தேன்? சிலைப் பூங்காவுக்கு எங்க இறங்கணும்?"

அவள் ஏறியதே எதிர்ப்பக்கம் போகிற ட்ராம். திட்டிக்கொண்டே கூட இறங்கி, சரியான வண்டியில் ஏற்றிவிட்டேன். "சாப்பிட்டியா? முகம் வாடிக் கிடக்கே" என்று வேறு கேட்கிறாள். அவளுக்கென்ன வந்தது?

அப்பா காயவைத்த மீன் கொஞ்சம் அனுப்பு. என் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையும். மழை வருகிறது, தபால் பெட்டிக்கு ஓடுகிறேன்.

இங்வில்

பி.கு.: இன்று ட்ராமில் பையை மடியிலேயே வைத்திருந்தேன். கடைசி நிறுத்தம் வரைக்கும் ஒரு பயலும் வந்து உட்காரவில்லை.