பதினைந்தாம் தேதி காலியாக இருந்தது

அக்டோபர் 9, செவ்வாய்

இந்த வருடப் பட்டியலை முடித்தேன். ஆல்டர் ரேபிட்ஸில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் பத்து இடங்கள். முதல் இடம் ஆஸ்பத்திரி, ஆயிரத்து அறுநூறு பேர். அடுத்து பள்ளிக்கூடங்கள், அப்புறம் சிறைச்சாலை. நாலாவதாக வெள்ளரிக்காயை ஊறப்போட்டுப் புட்டியில் அடைக்கும் ஆலை. பத்தாவது இடத்துக்கு வழக்கம்போல ஆள் இல்லை. ஒரே முதலாளியின் இரண்டு மளிகைக் கடைகளைச் சேர்த்து ஒப்பேற்றினேன்.

நாற்பது வருடம் முதல் இடத்தில் இருந்தது அடுப்புத் தொழிற்சாலை. இரண்டாயிரத்து முந்நூறு பேர். மூடி ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் என் கை அந்தப் பெயரைத்தான் முதலில் அடிக்கப் பார்க்கிறது.

அக்டோபர் 17, புதன்

என் மேலதிகாரி மார்வா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்தினால் யாருக்கோ சீட்டு கிழிகிறது என்று அலுவலகத்தில் பேச்சு. அலுவலகம் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். ஊருக்குத் தொழிற்சாலைகளைக் கூப்பிட்டு வருவது எங்கள் வேலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

சீட்டு இல்லை. டெக்ஸஸிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது! ஆம்புலன்ஸுக்குக் கூடு கட்டுகிறவர்கள். நம் பழைய அடுப்புத் தொழிற்சாலைக் கட்டடத்தைப் பார்க்க வருகிறார்கள். நானூறு வேலை! அதில் இருநூற்றைம்பது வெல்டர்கள்! வாயைத் திறக்க மாட்டேன் என்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை வெளியே போனாலும் அவர்கள் எழுந்து போய்விடுவார்களாம். கம்பெனிக்கு ரகசியப் பெயர் முள்ளங்கி. போன தடவை ஒருவருக்கு ‘வெள்ளி அம்பு’ என்று பெயர் வைத்தோம், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முள்ளங்கியாவது வரட்டும்.

அவர்கள் போனிலேயே கேட்டார்கள்: நவம்பர் எட்டா, பதினைந்தா? காலண்டரைப் பார்த்தேன். எட்டாம் தேதி முழுக்கக் கிறுக்கல், ஆஸ்பத்திரிக் கூட்டம், பாலம் பழுது, பல் டாக்டர். பதினைந்து பளிச்சென்று காலி. மார்வாவும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். ‘பதினைந்து’ என்று சொல்லிவிட்டேன்.

இதை வெய்னிடம் சொல்ல முடியாது. என் புருஷன் ஒரு வெல்டர், அவனிடம் சொல்ல முடியாது. நாட்குறிப்பு ஆள் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 21, ஞாயிறு

வெய்ன் மத்தியானமே கிளம்பிவிட்டான். அடுப்புத் தொழிற்சாலை மூடியதிலிருந்து இதுதான் கதை. ரெண்டரை மணி நேரத் தொலைவில் வேலை, அங்கே வாடகை அறை, வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் வீடு. இப்போது அந்தக் கம்பெனியும் டென்னஸிக்குப் போகிறதாம். கூட வருகிறவர்கள் நவம்பர் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

“வீட்ட வித்துட்டுப் போயிரலாம் ஜோ. இந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு? வெள்ளரிக்காயப் புட்டியில திணிக்கச் சொல்றியா?” என்றான்.

முள்ளங்கி! முள்ளங்கி! என்று கத்தலாம்போல இருந்தது. பாத்திரம் தேய்த்தேன்.

நவம்பர் 3, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

வெய்ன் ஆரஞ்சுச் சட்டையை எடுத்து உதறிக்கொண்டிருந்தான். “பதினஞ்சுக்கு லீவு சொல்லிட்டேன். டெரில் பரணெல்லாம் கட்டி முடிச்சிட்டானாம்” என்றான். டெரில் அவன் தம்பி. என் கையிலிருந்த தட்டு கீழே.

நவம்பர் பதினைந்து! மான் வேட்டை தொடங்கும் நாள்! அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பட்டறை கிடையாது, வெல்டரும் கிடையாது, எல்லாரும் காட்டில். இந்த ஊரில் பிறந்து ஐம்பத்தோரு வருடம் இங்கேயே இருந்து, ஒவ்வொரு பதினைந்துக்கும் ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்தவள் நான். காலண்டரில் ஏன் காலியாக இருந்தது? அன்றைக்கு எதையும் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் எழுதுவதில்லை. அந்தக் காலியைப் பார்த்துத்தான் நான் பல்லைக் காட்டியிருக்கிறேன். முண்டம். முண்டம். முண்டம்.

“ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு?” என்று கேட்டான். தட்டு வழுக்கிவிட்டது என்றேன்.

நவம்பர் 5, திங்கள்

மார்வாவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்தாள், பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “நானுந்தானடி காலண்டரப் பாத்தேன். நானுந்தான இந்த ஊர்க்காரி” என்றாள்.

தேதி மாற்ற வழியில்லை. பதினாறாம் தேதி அவர்கள் இந்தியானாவில் ஓர் ஊரைப் பார்க்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான்.

நவம்பர் 8, வியாழன்

ஹாங்கிடம் போனேன். டிரெய்லர் பட்டறை வைத்திருக்கிறார், அறுபது வெல்டர்கள், எல்லாரும் பழைய அடுப்புத் தொழிற்சாலை ஆட்கள். ஒரே ஒரு நாள், பதினைந்தாம் தேதி, பட்டறையைத் திறந்துவையுங்கள் என்று கெஞ்சினேன்.

“எதுக்கு?”

“சொல்ல முடியாது.”

“ஜனாதிபதி வர்றாரா?”

“இல்லீங்க.”

“அப்ப ஏம்மா உசுர வாங்குற? அவரே வந்தாலும் நான் பரண் மேலதான் இருப்பேன். ஒன் புருஷன மொதல்ல நிறுத்து, பாப்போம்.”

புருஷனை நிறுத்துவதா? அதற்கு இந்தியானாவுக்கே முள்ளங்கியைக் கொடுத்துவிடலாம்.

நவம்பர் 14, புதன்

வெய்ன் காட்டுக்குப் போய்விட்டான். முள்ளங்கிக்காரர்கள் மூன்று பேருக்கு ஆஸ்பத்திரி கேண்டீனில் சாப்பாடு சொல்லியிருக்கிறேன். திறந்திருப்பது அது ஒன்றுதான்.

நவம்பர் 15, வியாழன்

எங்கே ஆரம்பிக்க? வரிசையாகவே எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கு வந்தார்கள். தலைவி கார்மேலா, அறுபது வயது இருக்கும், குட்டையான உருவம், தடித்த விரல்கள், கொட்டும் பனியில் மெல்லிய செருப்பு. கூட அவள் ஆள் ஒருவர், ஊர் ஊராகப் பார்த்து மதிப்பெண் போடுகிற ஆலோசகர் ஒருவர். அவர் கையிலிருந்த கணினிப் பலகையில் என் ஊரின் தலையெழுத்து. கார்மேலாவின் காலைப் பார்த்துத் தாங்க முடியாமல், காரில் கிடந்த வெய்னின் கம்பளிக் காலுறையையும் என் நல்ல பூட்ஸையும் கொடுத்தேன். முகம் கொஞ்சம் இளகியது.

கட்டடம் பிடித்துவிட்டது. ரயில் பாதை பிடித்துவிட்டது. பிறகு ஊருக்குள் போனோம். சாலையில் ஈ காக்கை இல்லை. கடைக் கதவுகளில் தாள்: ‘நாளை வருவோம்.’ ஆஸ்பத்திரியில் ஒரே பெண்கள். ஹாங்க் பட்டறையில் பெரிய பூட்டு.

“இந்த ஊர்ல ஆம்பளைங்களே கெடையாதா?” என்று கார்மேலா கேட்டாள்.

ஆலோசகர் பலகையில் எதையோ தட்டினார். ‘ஆள் பற்றாக்குறை’ என்று தலைகீழாகப் படிக்க எனக்குத் தெரியும். மார்வா காலநிலையைப் பற்றிப் பேசினாள். அவளுக்கு அதற்குமேல் வரவில்லை.

நான் உடைந்துவிட்டேன். நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். மான், பதினைந்து, காலண்டர். “தப்பு என்னோடதுங்க. ஊர் மேல தப்பில்ல. அஞ்சு மணி வரைக்கும் இருங்க. நாலு பேரைக் காட்டுறேன்னு சொல்லல, எல்லாரையுமே காட்டுறேன்.”

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார். கார்மேலா என் பூட்ஸைப் பார்த்தாள். “இருப்போம். இதுக்குள்ள கால் இப்பத்தான் சூடாகுது” என்றாள்.

ஐந்து மணிக்குக் கோர்ட்டுக்கு எதிரே மான் கம்பத்தடியில் ஊரே திரண்டிருந்தது. அடித்த மானைக் கொண்டுவந்து அங்கேதான் தொங்கவிட்டு அளப்பார்கள். எத்தனை லாரி, எத்தனை ஆரஞ்சுச் சட்டை! அண்டா அண்டாவாகப் பீன்ஸும் இறைச்சியும் கொதித்தன. பெரிய கொம்புக்குப் பரிசு என்பதால் ஆளாளுக்குச் சண்டை. டெரில் கொண்டுவந்ததைப் பார்த்து ஒருவர் “இத அடிச்சியா, இல்ல அதுவா மூப்புல செத்துச்சா?” என்று கேட்டார்.

கார்மேலா மானைப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பார்த்தாள். இரும்புச் சட்டம், இருபதடி உயரம், ஐம்பதடி நீளம். கையுறையைக் கழற்றிவிட்டு ஓர் ஒட்டின் மேல் விரலை ஓட்டினாள். அடுத்த ஒட்டு. அதற்கடுத்தது. குனிந்து கீழேயும் பார்த்தாள்.

“இத யாரு வெல்டு பண்ணது?”

கேட்டிருக்கவே வேண்டாம். முப்பது பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அடுப்புத் தொழிற்சாலை மூடிய வாரம், கடைசி இரும்பில் செய்தது அது. ஆளுக்கொரு ஒட்டு, பக்கத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்து. “அந்த மூலை என்னுது.” “இவன் மூலையத் தொடாதீங்க, கைய கிழிச்சிரும்.” ஹாங்க் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பித் தன் ஒட்டைக் காட்டினார், அவள் யார் என்று தெரியாமலேயே.

“நான் டெக்ஸஸ்ல பதினேழு வருஷம் வெல்டரா இருந்தவ. இப்படி ஒரு ஒட்டு நான் போட்டதில்ல” என்றாள் அவள். யார் ஒட்டு என்று பார்த்தேன். எழுத்து ‘வெ’.

வெய்ன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். மானும் இல்லை, கையில் ஒரு கிண்ணம் பீன்ஸ்தான்.

“இங்கேயே வேலை கெடச்சா இருப்பீங்களா?” என்று அவனிடம் கேட்டாள்.

“இருப்பேனாவா? என் கட்டில்ல ரெண்டு ராத்திரி படுக்க ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டுறவன்மா நான்.” பிறகு கீழே பார்த்தான். “ஆமா, என் காலுறை மாதிரியே இருக்கே?”

நான் அண்டாப் பக்கம் ஓடிவிட்டேன். அங்கே நின்று அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

காரில் ஏறும்போது கார்மேலா என் கையைப் பிடித்தாள். “எல்லா ஊர்லயும் நாற்காலி போட்டு நாலு பேரக் காட்டுவாங்க. நாலு பேரும் சொல்லிக் குடுத்ததச் சொல்லுவாங்க. இங்க ஒருத்தருக்கும் நான் யாருன்னே தெரியல” என்றாள்.

நல்லதாகச் சொன்னாளா? நல்லதாகத்தானே?

நவம்பர் 16, வெள்ளி

இந்நேரம் அவர்கள் இந்தியானாவில் இருப்பார்கள். என் பூட்ஸில்.

நவம்பர் 22, நன்றி நாள்

வான்கோழி நன்றாக வந்தது. டெரில் குடும்பம் முழுக்க இருந்தது. எல்லோரும் நன்றி சொல்லி முடித்த பிறகு வெய்ன் சொன்னான், டென்னஸிக்குச் சரி சொல்லப்போகிறானாம். அனுப்ப வேண்டிய தாள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. டெரில் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டான்.

மார்வாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 30, வெள்ளி

மூன்று மணிக்கு மார்வா கூப்பிட்டாள். முதலில் அவளுக்கு அழுகைதான் வந்தது. யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்தேன்.

முள்ளங்கி வருகிறது. முள்ளங்கி வருகிறது! கையெழுத்து ஆகிவிட்டது! நானூறு பேர்! ஆனால் செவ்வாய்க்கிழமை அறிவிக்கும் வரை மூச்சு விடக் கூடாது. மூச்சு விட்டால் காரியம் கெடும்.

ஆறு மணிக்கு வெய்ன் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தான். இன்றைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு.

நான் என்ன செய்ய? சொன்னால் ஊருக்குப் போச்சு. சொல்லாவிட்டால் எங்களுக்குப் போச்சு.

“அனுப்பாத” என்றேன்.

“ஏன்?”

“ஏன்னு கேக்காத. அனுப்பாத, அவ்வளவுதான்.”

“ஜோ, இது வெளையாட்டில்ல. இத விட்டா எனக்கு வேலையே இல்ல.”

“தெரியும்.”

என்னைப் பார்த்தான். கோபம் வந்தது அவனுக்கு, வந்து போனதும் தெரிந்தது. பிறகு அவன் பார்வை என் காலுக்கு இறங்கியது. பழைய, கிழிந்த பூட்ஸ்.

“அந்த டெக்ஸஸ் அம்மா...” என்று ஆரம்பித்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணைக்கூட அசைக்கவில்லை, சத்தியமாக.

“ஓ” என்றான். “சரி.”

பேனாவை மூடி வைத்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். இருபத்தாறு வருடத்தில் இந்த மனுஷன்மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததில்லை.

டிசம்பர் 1, சனி

எழுந்து பார்த்தால் வெய்ன் ஏணிமேல். கூரை ஓரத்துத் தகரக் குழாய் மூன்று வருடமாகத் தொங்குகிறது, விற்கப்போகிற வீட்டுக்கு எதற்கு என்று விட்டிருந்தான். அதைச் சரிசெய்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு “ஒண்ணுமில்ல, தண்ணி ஒழுகுது” என்றான்.

டிசம்பர் 4, செவ்வாய்

அறிவித்துவிட்டார்கள்! ஹாங்க் போன் செய்து, “அன்னிக்கே சொல்லியிருந்தா பட்டறையத் தெறந்து வெச்சிருப்பேனே” என்றார். வைத்திருக்க மாட்டார்.

நவம்பர் 14, வியாழன் (அடுத்த வருடம்)

பட்டியலில் இந்தத் தடவை ஆறாவது இடம் அவர்களுக்கு. கம்பெனிக்கு நிஜப்பெயர் இருக்கிறது, ஆனால் ஊரில் எல்லோருக்கும் அது முள்ளங்கிதான். டிசம்பரில் யாரோ உளறிவிட்டார்கள், நான் இல்லை.

வெய்ன் முள்ளங்கியில் வேலை முடிந்து நாலரைக்கே வீட்டில் இருந்தான். வாரம் ஏழு ராத்திரியும் இங்கேதான், குறட்டை தாங்கவில்லை. நாளைக்குக் காட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டே, பட்டறைச் சுவரில் ஒட்டிய அடுத்த வருட விடுமுறைத் தாளின் நகலை என்னிடம் நீட்டினான். புத்தாண்டு, சுதந்திர தினம், தொழிலாளர் தினம், நன்றி நாள், கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொரு தேதிக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தது. நவம்பர் 15-க்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அடியில் கார்மேலாவின் கையெழுத்து.

காலுறையைத்தான் இன்னும் திருப்பித் தரவில்லை. நாளைக்கு மான் கம்பத்தடிக்கு அதைப் போட்டுக்கொண்டு வருகிறாளாம்.