மாவுக்கட்டு பிரித்த நாள்

1904, ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று ஆஸ்பத்திரியில் என் கணவரின் காலிலிருந்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மாசியில் சுரங்கத்தில் பாறை சரிந்து, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. காலையே எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு, வேறு எலும்பை வைத்துப் பார்க்கலாம் என்றார் வெள்ளைக்காரத் துரை டாக்டர்.

"என் கால்லருந்து எடுத்துக்கச் சொல்லுங்கண்ணா" என்று கம்பவுண்டரிடம் அழுதேன். ஆனால் இவருடைய சொந்த எலும்புதான் சேருமாம். இவருடைய நல்ல காலிலிருந்தே ஒரு துண்டு எடுத்து வைத்தார்கள்.

இன்று டாக்டர் காலைத் தூக்கச் சொன்னார். நான் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாமே, செவுத்துல இன்னா கீது? இங்க பாரு" என்றார் இவர்.

பார்த்தேன். மெலிந்து போன கால், நடுவில் தொய்யாமல் நேராக நின்றது. அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"வுடுமே, தொரை பாக்குறாரு" என்றார். சொல்லும்போதே இவருக்கும் குரல் உடைந்தது.

அந்தக் கால் சற்றுக் குட்டையாகத்தான் இருக்குமாம், ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பாராம். சாயட்டும். அந்தப் பக்கம் நான் நடக்கிறேன்.