இந்தூர்க்காரி

ஆகஸ்ட் 6, புதன்

உட்கார முடியவில்லை. ஒன்றுக்குப் போனால் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரிகிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன் — கொத்தாகக் கொப்புளம். சூடு என்று நினைத்து ஒரு கை வெந்தயம் விழுங்கினேன். வெந்தயத்துக்கும் அந்த இடத்துக்கும் என்ன சம்பந்தமோ.

ஆகஸ்ட் 7

சிவகாசியில் லேடி டாக்டரிடம் காட்டினேன். "ஹெர்பிஸ் மாதிரி இருக்கும்மா" என்று கொப்புளத்து நீரைப் பஞ்சில் தொட்டு டெஸ்ட்டுக்கு அனுப்பினார். மாத்திரை கொடுத்தார். "உறவுல பரவும்" என்றதோடு என் காது அடைத்துக்கொண்டது. அப்புறம் சொன்ன எதுவும் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் போன மாதக் கடைசியில்தான் காலண்டர் ஆர்டர் பிடிக்க இந்தூர் போய் வந்தார். ஆர்டர் மட்டுமா பிடித்தார்?

ஆகஸ்ட் 8

டாக்டர் சொன்னதைச் சொல்லிக் கேட்டேவிட்டேன். "இந்தூர்ல எவ அவ?"

முழித்தார். "ஏட்டி, அந்த லாட்ஜுல மூட்டப்பூச்சிகூட என்னைய சீண்டல."

என்னா நடிப்பு! அச்சாபீஸ் கோடவுனில் போய்ப் படுங்க என்றேன். பாயைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் போனார். தப்பு செய்தவன் நடைதான் அது. அவர் தட்டு, டம்ளர், சோப்பு எல்லாம் தனி. கக்கூஸில் அரை பாட்டில் டெட்டால் ஊற்றினேன்.

"ஏம்மா, எம்மவன் ஏன் அங்கன கெடக்கான்?" என்று அத்தை கேட்டார். சீசன் வேலை என்று சொல்லி வைத்தேன்.

ஆகஸ்ட் 10

பதினோரு வருஷம் இந்த மனுசனை நம்பி — தூ. அழுகையாய் வருது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரிசல்ட் வந்தது. ஹெர்பிஸ்தான், முதல் வகை. "பெரும்பாலும் உதட்டுல வர்றது இது. நெறைய பேருக்குச் சின்ன வயசுலயே உள்ள போயிரும், தெரியவே தெரியாது. நரம்புல ஒளிஞ்சிருக்கும். வெயில்ல அலைஞ்சா, தூக்கம் கெட்டா எட்டிப் பாக்கும். தட்டு, கக்கூஸ்ல எல்லாம் ஒட்டாது. முழுசாப் போகாது, ஆனா மாத்திரைக்கு அடங்கும். இத வச்சு யாரு ஒழுக்கத்தையும் எடை போட முடியாதும்மா" என்றார் டாக்டர். பிறகு, "உங்க வீட்டுக்காரருக்கு சமீபத்துல வாயில புண்ணு வந்துச்சா?"

வந்ததே! வருஷா வருஷம் ஆர்டருக்கு அலைந்தால் உதட்டோரம் கொப்புளிக்கும். இந்தத் தடவையும், அக்கி என்று அத்தை, பானை செய்கிற வேளாரிடம் கூட்டிப்போய்க் காவியால் சிங்கம் எழுதி வாங்கினார். பூனை மாதிரி இருந்தது. அக்கி எழுதியாச்சு, இனி ஒட்டாது என்று நானும் அவரும் நம்பினோம். நம்பி, காவி காயாத வாயோடு அந்த மனுசன் எங்கெல்லாம்... சீ, எழுத வெட்கமாக இருக்கிறது. டாக்டரிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பை அடக்க நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 13

டீ எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் போனேன். எல்லாம் சொல்லி, மன்னிச்சிருங்க என்றேன். மனசு கேட்கவில்லை. "நான் அம்புட்டுக் கத்துனேன், ஏங்க ஒரு வார்த்த எதுத்துப் பேசல?"

தலையைச் சொறிந்தார். "நான் எங்கயும் போகல. அப்ப நீதான் போயிருக்கணும்னு நெனச்சேன். கேட்டு, நீ ஆமான்னுட்டா என்ன செய்ய? அதான் பேசாமக் கெடந்தேன்."

டீயை அவரிடம் நீட்டப் போனேன். அப்புறம்தான் உறைத்தது.

"யாரு கூட?"

"நம்ம பால்காரரு."

இசக்கிப்பாண்டிக்கு எழுபது வயசு. வாயில் ஒரு பல் கிடையாது. என் லட்சணத்தை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார் பார்! டீயை நானே குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14

அவர் பாயை என் பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். கொப்புளம் காயும் வரை ஒரு முழம் தள்ளித்தான்.