ஏப்ரனில் ஓடு சுமந்த பெண்களும் என் மச்சாளும்

என் செல்ல மச்சாள் சாந்தி,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் அது பாதிதான் விளங்குகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். பக்கத்தில் நின்று மற்றவர்களும் கேட்டால் கேட்கட்டும்.

உன் வாசிகசாலை தப்பிவிட்டது, மச்சாள்.

உன்னை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. நீ என் மாமாவின் மகள். நான் கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தேன். நீ தாதியாகி, வேல்ஸ் நாட்டின் வடக்கே, சிலேட்டுக் கல் குவாரியை நம்பி உருவான ஒரு சின்ன மலையூருக்குப் போனாய். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. மறதி நோய் வந்தவர்களில் சிலருக்கு இடையில் படித்த ஆங்கிலம் முதலில் போய்விடுமாம். பிறந்ததிலிருந்து பேசிய வெல்ஷ் மொழி மட்டும் மிஞ்சுமாம். அவர்கள் தண்ணீர் கேட்கிறார்களா, நோகிறது என்கிறார்களா என்று அறியத்தான் நீ வெல்ஷ் படிக்கத் தொடங்கினாய்.

"அதுகள் கதைக்கிறதுக்குக் காது குடுக்க ஒராள் வேணுமெல்லே, ரதி," என்றாய்.

காது கொடுக்கப் போனவளுக்கு ஊரின் கதையெல்லாம் கிடைத்தது. கேட்டதோடு நீ விடவில்லை. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் இல்லை என்று இணையத்தில் நடக்கிற கலைக்களஞ்சியத்தில் அந்த ஊரைப் பற்றி எழுதத் தொடங்கினாய். பாலம், தேவாலயம், கைவிடப்பட்ட குவாரி, ஊர்ப் பாடகர் குழு என்று ஒவ்வொன்றாக எழுதினாய். சனிக்கிழமை போன் எடுத்தால் உனக்கு அதுதான் பேச்சு. வருத்தம் முற்றி ஆசுப்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதில் எனக்கு ஒரு கணக்கைத் திறந்து, உன் பக்கங்களில் எது மாறினாலும் எனக்கு மின்னஞ்சல் வரச் செய்துவிட்டு, "நீயும் எழுதன்," என்றாய்.

"எனக்கு வேல்ஸ் எங்க இருக்கெண்டே வடிவாத் தெரியாது."

"தெரியாதவைதான் நல்லா எழுதுவினம். எல்லாத்துக்கும் ஆதாரம் தேடுவினமெல்லே."

நீ கடைசியாக எழுதியது அந்த வாசிகசாலையைப் பற்றி. குவாரித் தொழிலாளர்கள் தாங்களே கட்டிய கட்டடம். அதற்குக் கூரை போட்டபோது வண்டில் மலை ஏறவில்லை என்றும், ஊர்ப் பெண்கள் சிலேட்டு ஓடுகளை, வீட்டு வேலைக்கு இடுப்பில் கட்டுகிற தங்கள் ஏப்ரனில் முடிந்து சுமந்து ஏறினார்கள் என்றும், தன் தாயும் சிறுமியாக அவர்களோடு போனாள் என்றும் உன் இல்லத்தில் இருந்த நெஸ்டா என்ற மூதாட்டி உனக்குச் சொல்லியிருந்தாள். மறதிக்காரி ஏதோ உளறுகிறாள் என்று மற்றவர்கள் சிரித்தார்களாம். நீ நம்பினாய், எழுதினாய். நெஸ்டா போனாள். பிறகு நீயும் போனாய்.

இந்தத் தை மாதம், நான் வேலை செய்கிற மருந்துக்கடையில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது போனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. உன் கட்டுரைக்கு மேலே யாரோ ஓர் அறிவிப்பு போட்டிருந்தார். இதற்கு அச்சில் வந்த ஆதாரம் எதுவும் இல்லை, ஒரு வாரத்துக்குள் தராவிட்டால் நீக்கப்படும் என்றது அது. அந்த ஆளைக் குறை சொல்ல முடியாது. வாயால் கேட்ட கதை அங்கே செல்லாது என்பது நீயே எனக்குச் சொல்லித் தந்த விதி. ஆனாலும், சாந்தி, சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். உன்னை இரண்டாம் தரம் கொண்டுபோக வந்துவிட்டார்கள் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"எங்கட ஊர்க் கதையளை எழுதவே ஆக்களில்லை," என்றார் இவர். "நீர் வெள்ளைக்காரன்ர வாசிகசாலைக்கு மினக்கெடுறீர்."

"சாந்தி இருந்த ஊரப்பா. அப்ப அது எங்கட ஊர்தான்."

இவர் எழும்பிக் குசினிக்குள் போனார். அந்த வாரம் முழுக்கச் சமையல் அவருடையது.

வேல்ஸின் பழைய செய்தித்தாள்களை எல்லாம் இணையத்தில் இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. வாசிகசாலை என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேடினேன். வேறு ஊர்களின் வாசிகசாலைகள் வந்தன. உன்னுடையது வரவில்லை. வெல்ஷ் மொழிப் பத்திரிகைகளோ மலைபோலக் கிடந்தன. அவற்றில் எனக்கு ஓர் எழுத்துத்தானும் விளங்காது. என்ன செய்வாய் நீ?

இந்த நகரத்திலும் வெல்ஷ்காரர்கள் கூடுகிற ஒரு தேவாலயம் இருப்பதைக் கண்டுபிடித்துப் போன் எடுத்தேன். எடுத்த பெண்ணிடம் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து ஊரான விட்பியில் மேகன் என்று ஒருத்தி இருக்கிறாள், பாடசாலை பஸ் ஓட்டுகிறாள், தாயிடம் வெல்ஷ் கற்றவள் என்றாள். ஞாயிறு மதியம் அந்த மேகன், முன்பின் தெரியாத ஒரு தமிழ்ப் பொம்பிளையின் வீட்டுக்கு, பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு, ஸ்காபரோவில் நான் இருக்கிற வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து இறங்கினாள். நான் கிழங்கு வைத்துச் சுருட்டி றோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன்.

"முன்னமே சொல்லிவிடுகிறேன்," என்றாள் ஆங்கிலத்தில். "அம்மா செத்த பிறகு நான் இந்த மொழியை வாயில் எடுத்ததில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது."

நான் தேடிய ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் சிரித்தாள். "குவாரிச் சனம் தங்கள் மொழியில் அல்லவா வாசித்திருக்கும்?" என்று, வாசிகசாலைக்கான வெல்ஷ் சொல்லைத் தானே தட்டினாள். டார்லென்வா. முதல் பக்கத்திலேயே உன் ஊர் வந்து நின்றது, சாந்தி! வாசிகசாலைத் திறப்பு விழாச் செய்தி. மங்கலான, நெருக்கமான எழுத்து.

மேகன் விரலை வைத்து, பாலர் வகுப்புப் பிள்ளைபோல எழுத்துக்கூட்டி வாசித்தாள். பேசியவர்கள் யார், பாடியவர்கள் யார், என்ன பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் அவள் குரல் உறுதியானது. கடைசிப் பந்தியில் ஒரு சொல்லில் நின்றாள்.

"ஃபெடோக்," என்றாள் மெதுவாக. "ஏப்ரன். அம்மா தன் ஏப்ரனை இப்படித்தான் சொல்லுவா."

கண்ணைத் துடைத்துவிட்டு அந்தப் பந்தியை எனக்கு மொழிபெயர்த்தாள். வண்டில் ஏற முடியாத பாதையால் ஓடுகளை ஏப்ரனில் சுமந்து ஏறிய பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் சபை எழுந்து நின்று நன்றி சொன்னதாம். பத்திரிகைக்காரர் அவர்கள் பெயர்களையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். அதில் நெஸ்டாவின் தாயின் பெயர் இருந்தது. நீ கட்டுரையில் எழுதியிருந்த அதே பெயர், அதே வீட்டுப் பெயரோடு.

நினைத்துப் பார், சாந்தி. ஒரு கிழவி படுக்கையில் சொன்னதை யாழ்ப்பாணத்துத் தாதி ஒருத்தி நம்புகிறாள். நூறு வருடத்துக்கு மேலாக ஒருவரும் தொடாத காகிதம் "ஓம், உண்மைதான்" என்கிறது. அதைக் கேட்கிற நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் றோல்ஸ் எண்ணெய் படிந்த கையோடு இருக்கிறோம். இதையெல்லாம் யார் ஒழுங்குபண்ணியது? ஒருவரும் இல்லை. அவரவர் தம் பங்குக்கு ஒரு சின்ன வேலையைக் கூலி கேளாமல் செய்து வைத்திருக்கிறார்கள். பத்திரிகையைச் சேமித்தவர், அதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியவர், எழுத்துப் பிழை திருத்தியவர், நீ.

அன்றைக்கே ஆதாரத்தைச் சேர்த்தோம். அறிவிப்புப் போட்ட அதே மனிதர் அடுத்த நாள் வந்து அதை எடுத்தார். "இதை இழந்திருப்பேனே என்று பயமாக இருக்கிறது. நன்றி," என்று எழுதினார். நான் பிழையாகப் போட்டிருந்த அடிக்குறிப்பையும் திருத்திக் கொடுத்தார். ஆர்ஜென்டினாவில் வெல்ஷ் பேசுகிற பரம்பரை ஒன்று இருக்கிறதாமே, அங்கிருந்து ஒருவர் கட்டுரையை ஸ்பானிஷில் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு மேகன் கேட்டாள்: "உன் மொழியில் எப்போது?"

தமிழில் எழுதி முடிக்க எனக்கு மாசி மாதம் முழுக்கப் போனது. எழுதி, யாழ்ப்பாணத்தில் இருக்கிற உன் அம்மாவுக்கு அனுப்பினேன்.

நாலைந்து நாள் போனது. பிறகு மாமி தானே வீடியோவில் வந்தா.

"ரதி, என்ர பிள்ளை ஏதோ குளிருக்குள்ள, ஆருமில்லாத மலையில தனிச்சுக் கிடந்தாளெண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். உது வாசிகசாலை கட்டின சனமெல்லே. பொம்பிளையளுக்கு எழும்பி நிண்டு நன்றி சொன்ன சனம். நல்ல ஆக்களுக்குள்ளதான் இருந்திருக்கிறாள்."

"ஓம் மாமி."

"அந்தப் பொம்பிளையளின்ர பேரெல்லாம் போட்டிருக்கிறாய். சாந்தின்ர பேர் எங்க?"

எழுதியவர் பெயரைக் கட்டுரையில் போடுகிற வழக்கம் அங்கே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் அங்கே ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் அதன் வரலாறு இருக்கிறது, உனக்குத் தெரியும்தானே. யார், எப்போது, எந்த வரியை எழுதினார்கள் என்று, புதியது மேலும் பழையது அடியிலுமாக. நீ தொடங்கிய பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அடிக்குப் போய், திரையை மாமிக்குக் காட்டினேன். எத்தனையோ நாட்டுப் பெயர்களுக்கெல்லாம் கீழே, எல்லாவற்றுக்கும் முதலாவதாக, தமிழ் எழுத்தில் நீ வைத்துக்கொண்ட பெயர்: சாந்தி.

"இதை ஆரும் அழிக்கேலாதோ?"

"ஏலாது மாமி. மற்றவை என்ன திருத்தினாலும் முதல் எழுதினது அவள்தான்."

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனுக்குக் கிட்டக் கிட்ட வந்து, அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தா. நானும் திரையை நகர்த்தவில்லை.

மச்சாள், நீ தொடங்கிவிட்டுப் போன மற்றக் கட்டுரைகள் அரைகுறையாக நிற்கின்றன. பாடகர் குழுவை எழுதி முடிக்க மேகனும் நானும் கையில் எடுத்துவிட்டோம். மிச்சத்தையும் எடுப்போம். என் கண் தெரிகிறவரைக்கும் உன் பக்கங்களைப் பார்த்துக்கொள்வேன். ஆதாரம் கேட்டு யார் வந்தாலும் தேடிக் கொடுப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் அத்தை மகள், உனக்குப் பிறகும் உன் மச்சாள்,
ரதி
வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ