பின்கட்டுச் சுவரை இடிக்க வேண்டாம்

விருத்தாசலம்
4-1-2026

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை வெண்பாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புனேயில் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், குழந்தைக்குக் காதை மூடிப் பள்ளிக்கு அனுப்பு. தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ வேகமாகப் பேசுவாய், நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவேன், வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். இந்தக் கடிதத்தையே நான்காவது முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டிலும் கோபம் அதிகமாகிவிட்டது என்று நான் கிழித்தேன். மூன்றாவதில் கோபமே இல்லை என்று உன் அம்மா கிழித்தாள்.

விஷயம் பின்கட்டுச் சுவர்தான். கார்த்திகைக் கடைசியில் நீ அனுப்பிய கான்ட்ராக்டர் கொளஞ்சிநாதன் இரண்டு ஆட்களோடு வந்தார். செருப்பைக்கூட வாசலில் சரியாகக் கழற்றவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய், சுவரில் உள்ள விரிசலைக் கைப்பேசியில் படம் பிடித்து, "சார், இது சுண்ணாம்புக் கட்டடம், அஸ்திவாரமே போயிடுச்சு, இந்த ரூம முழுசா தள்ளிட்டு பில்லர் போட்டு எடுத்துடலாம், தை அஞ்சாந்தேதி ஆளு வந்துடும்" என்றார். நான் நேரம் பார்த்தேன். அவர் உள்ளே வந்ததிலிருந்து அதைச் சொல்லும் வரை நான்கு நிமிடம். நான் அந்த விரிசலைப் பதினெட்டு மாதமாகப் பார்த்து வருகிறேன். பீங்கான் அச்சுக்கு ஊற்றும் பிளாஸ்டரைக் குழைத்து, விரிசலுக்குக் குறுக்கே ஏழு இடத்தில் பட்டையாக அப்பி, ஒவ்வொன்றின் மீதும் தேதி எழுதி வைத்திருந்தேன். விரிசல் வளர்ந்தால் பிளாஸ்டர் உடையும், வளராவிட்டால் உடையாது, இதற்குமேல் நேர்மையான சாட்சி கிடையாது. இரண்டு மழைக்காலம் போன பிறகும் ஆறு பட்டைகள் அப்படியே இருந்தன, தரையை ஒட்டிய ஏழாவது மட்டும் உடைந்திருந்தது. கோளாறு சுவரில் இல்லை, அடியில் ஏதோ ஈரம் இருக்கிறது என்று அது சொல்லியது. இதை விளக்கலாம் என்று, விரிசலைப் பற்றிக் குறித்து வைத்த நோட்டை எடுக்க உள்ளே போனேன். கண்ணாடியையும் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள், அந்த ஆட்களில் ஒருவர் கொத்தனார் கரண்டியால் ஏழு பட்டையையும் சுரண்டிக் கீழே தள்ளிவிட்டார். அழுக்கு என்று நினைத்தாராம். பதினெட்டு மாதம், மகளே. நான் நோட்டைப் பிரிக்காமலே கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரியது அடுத்து நடந்தது. கொளஞ்சிநாதன் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார். சாருக்கு இதில் இஷ்டமில்லை போலத் தெரிகிறது என்று அவர் சொன்னதற்கு நீ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அப்பா சொல்றதக் கண்டுக்காதீங்கண்ணா, அவரு எதையாவது நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பாரு, நீங்க பாத்து முடிச்சுடுங்க" என்றாய். அந்த ஆட்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தேன், அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. உனக்கு என் மீது அக்கறை இருக்கிறது, சுவர் எங்கள் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் செய்தாய், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு படத்தைப் பார்த்த அந்நியரை நம்பிய நீ, என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். முப்பத்தோரு வருடம் ஒரு பீங்கான் கம்பெனியில் மின்கம்ப இன்சுலேட்டரும் குழாயும் தேறுமா தேறாதா என்று பார்ப்பதுதான் என் வேலை. விரிசலைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கலாம், கொளஞ்சிநாதன் அவர்களில் ஒருவர் இல்லை.

அவர்கள் போன பிறகு உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? ஊட்ட இடிக்கறேன்றான், நீங்க டீ குடிக்கறீங்களான்னு கேக்கறீங்க" என்றாள். உண்மைதான், கேட்டேன். மார்கழி பிறந்துவிட்டால் யாரும் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. அந்த மாதம் இல்லாவிட்டால் இந்நேரம் பின்கட்டு மண்மேடாகியிருக்கும். நாமும் மார்கழியில் சுவரைத் தொடலாமா என்று எனக்குத் தயக்கம். "புதுசா கட்றதுக்குத்தான் மார்கழி ஆவாது. ஒழுவறது நாள் பாத்தா ஒழுவுது, நாம நாள் பாத்து அடைக்க?" என்று அவள் தீர்த்துவிட்டாள்.

கம்பெனியில் சாதாரணமாகச் செய்யும் சோதனையைத்தான் செய்தேன். உடைந்த பீங்கானைச் சிவப்புச் சாயத்தில் ஊறவைப்போம், கண்ணுக்குத் தெரியாத இழைவிரிசல் இருந்தாலும் சாயம் அதில் புகுந்து காட்டிக்கொடுத்துவிடும். துணிக்குப் போடும் சாயப்பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, குளியலறைக் கழிவுநீர் போகும் வழியில் ஊற்றினேன். அந்தக் குழாய் பின்கட்டுச் சுவரை ஒட்டி மண்ணுக்குள்ளே போய் வாழை அடியில் முடிகிறது. வாழை அடியில் வர வேண்டிய சிவப்பு அங்கே பாதிதான் வந்தது. மறுநாள் காலை கோலம் போட்டுவிட்டுப் பின்பக்கம் போன உன் அம்மா, "என்னங்க இது, தோட்டத்துல கெடா வெட்டினீங்களா?" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் விரிசலின் அடியில், சுவர் ஓரமாகச் சிவப்பு கசிந்து நின்றது. அஸ்திவாரம் போகவில்லை. குழாய் ஒழுகி, அந்த மூலையில் மட்டும் மண் இளகி, சுவர் ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். தோண்டிப் பார்த்ததில் நடுவில் ஒரு பீங்கான் குழாய் நீளவாக்கில் விண்டிருந்தது. அது கம்பெனிக் குழாய். பன்னிரண்டு வருடம் முன்பு நான்தான் தோட்டத்தில் இறங்கி அதைப் பதித்தேன். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் தேறாது என்று கம்பெனி கழித்த சாமான் ஏதாவது ஒன்று இருக்கும், விலை குறைவு என்று வாங்கி வருவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். குழாயின் வாயில் பெயிண்டால் போட்ட பெருக்கல் குறி இன்னும் லேசாக இருந்தது. இழைவிரிசல் என்று அதைக் கழித்தவன் நான். கம்பெனிக்கு ஆகாது என்று என் கையால் குறி போட்டதை, வீட்டுச் சாக்கடைக்கு இது போதும் என்று என் கையாலேயே கொண்டுவந்து புதைத்திருக்கிறேன். ஆகவே தவறு என்னுடையது. ஆனால் என் தவறுக்குக் குழாயை மாற்ற வேண்டுமே தவிர, அறையை இடிக்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

பழைய குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு பிவிசி போட்டாயிற்று. ஒரு நாளைக்கு மூன்று அடிதான் தோண்டினேன், முதுகு அதற்குமேல் சம்மதிக்கவில்லை. மூலையில் உடைசெங்கல்லும் மணலும் போட்டுத் திம்சுக்கட்டையால் இறுக்கி இடித்தேன், கட்டையை உன் அம்மாவும் பிடித்தாள். பத்து நாள் காயவிட்டதில் சுவரடியில் ஈரம் வற்றிவிட்டது. விரிசலைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தால் ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று அடைத்து வருகிறேன். சிமெண்ட் வேண்டாம், அந்தச் சுவருக்கு அது ஒட்டாது. பழையபடி ஏழு பட்டை பிளாஸ்டரும் அப்பியிருக்கிறேன், இந்த முறை பக்கத்தில் "தொடாதே" என்றும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை நானே பஸ் ஸ்டாண்டு பக்கம் கொளஞ்சிநாதன் அலுவலகத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், அங்கே போனதும் தாளைப் பிரிக்க வெட்கமாக இருந்தது. இடிக்க வேண்டாம் என்றேன். "பாப்பா ஓகே சொல்லிட்டாங்களே சார்" என்றார். வீடு என் பெயரில் இருக்கிறது என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். "அப்புறம் சொவரு வுழுந்தா என்னக் கேக்காதீங்க" என்றார். கேட்க மாட்டேன் என்றேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு நீ கோபப்படலாம். என்னைக் கேட்காமல் நீ செய்ததற்கு நான் கோபப்பட்டு முடித்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நோட்டைத் தினமும் இரண்டு தடவை புரட்டிப் பார்க்கிறேன். நான் கண்டது எவ்வளவு சரி என்று எனக்கே தெரிய வேண்டும் என்பதால், நேற்று என் கட்டிலை நடு அறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரோரம் போட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், அவளுடைய கட்டிலும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "இங்கதாங்க நல்லா காத்து வருது" என்றாள். மார்கழிக் குளிரில் காற்று எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நம் கொளஞ்சியப்பர் சாமி அருளால் நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். கொளஞ்சிநாதன் உனக்குப் போன் செய்தால், அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்று மட்டும் சொல், எனக்காக மன்னிப்புக் கேட்காதே. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வாருங்கள், பின்கட்டில் படுக்க இடம் இருக்கிறது.

உன் நலம் நாடும்
அப்பா
வே. கோவிந்தராசு