கேதம் சொல்லாத வீடு

பூண்டு வாசனை வந்தபோது நான் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தேன். சொட்டு மருந்து விட்டால் சற்று நேரம் அப்படித்தான் கிடக்க வேண்டும். கண்ணைப் போல மூக்கும் எனக்கு வறண்டுபோய்விட்டது. சாம்பார் கொதிக்கும் வாசனைகூடச் சில நாள் எட்டாது. ஆனால் பரணில் கட்டித் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டுப் பதப்படுத்திய மலைப்பூண்டு எந்த மூக்கையும் விடாது. உன் வீட்டு அடுப்பு என் வாசலுக்கு வந்து நிற்பது போல இருந்தது.

திறந்து பார்த்தால் உன் மனைவி செல்லத்தாயி. கையில் காய்ந்த தண்டோடு பின்னிய பூண்டுக் கட்டு. மன்னவனூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஒவ்வொரு சித்திரையிலும் நீ கொண்டுவந்து, கேட்காமலே என் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாயே, அதே கட்டு.

"உள்ள வா தாயி" என்றேன். அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐப்பசியிலிருந்து தொண்டையில் வைத்திருக்கிறேன். எச்சில் ஊறாத தொண்டை என்பதால் அது இறங்கவும் இல்லை.

எனக்கு ஏன் கேதம் சொல்லவில்லை?

உங்கள் ஊரில் சாவு விழுந்தால் கேதம் சொல்ல ஆள் அனுப்புவீர்கள். எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. ஒருவர் நேரில் போய், வாசலில் நின்று, இன்னார் தவறிட்டாங்க, இன்ன நேரம் எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். உள்ளே வரக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. ஒரு வீட்டை விட்டுவிட்டால் அதை யாரும் மறதி என்று எடுத்துக்கொள்வதில்லை. இனி உனக்கும் எங்களுக்கும் ஒட்டுறவு இல்லை என்று ஊரறியச் சொன்னதாக அர்த்தம். கேதம் வராத சாவுக்கு மானமுள்ளவன் போகமாட்டான். இதையெல்லாம் ஹாஸ்டலில் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு எனக்குச் சொன்னவனே நீதான்.

உன் சாவை எனக்குச் சொன்னது சந்தையில் கேரட் விற்கும் உங்கள் ஊர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் சேர்வதற்குள் வாங்கிக்கொண்டு வெரசாத் திரும்பிவிடலாம் என்று வெள்ளனே போயிருந்தேன். முகத்தில் மாஸ்க், காற்றுப் படாமல் பக்கங்களை அடைத்த கண்ணாடி. அந்தக் கோலத்திலும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்ன வாத்தியாரே, கூட்டாளி காரியத்துக்கு ஒங்களக் காணவே இல்லையே. ஊரே பேசிக்கிருச்சு."

"எந்தக் கூட்டாளி?"

தராசில் கேரட்டை வைத்தவள் வைத்தபடியே நின்றாள். "ஆத்தீ... போன வாரமே எடுத்தாச்சே. ஒங்களுக்குச் சொல்லலியா?"

அந்தக் கடைசிச் சொல்லில் இருந்த பரிதாபத்துக்காக அவளிடம் நான் இன்றுவரை கேரட் வாங்குவதில்லை.

என் சுபாவம் உனக்குத் தெரியும். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. இந்த நோய் வந்த புதிதில் மதுரை டாக்டர் எனக்கு விளக்கினாரே, நீயும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உடம்புக்குக் காவல் நிற்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறது, முதலில் கண்ணீரையும் எச்சிலையும் வற்றவைக்கும் என்றார். அதை அடக்க மாத்திரை உண்டு. ஆனால் காவலை அடக்கினால் போகிற வருகிற கிருமியெல்லாம் உள்ளே நுழையும், கவனமாக இருக்க வேண்டும் என்றார். நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டாய்: "அப்ப உள்ளுக்குள்ளயே பங்காளிச் சண்டைன்னு சொல்லுங்க. வெலக்கிவிட்டா வெளியாளு பூந்துருவான்." டாக்டர் சிரித்துவிட்டார். அதைவிடச் சரியாக அந்த நோயை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதன்பின் என் நாட்கள் எப்படிப் போயின என்று நீ பார்த்தாய். விடியும்போது இமை விழியோடு ஒட்டிக் கிடக்கும். சட்டென்று திறந்தால் உள்ளே கிழிவது போலிருக்கும். தலையணைக்கடியில் கையைவிட்டு மருந்துக் குப்பியைத் தடவி எடுத்து, இமையோரம் நனைத்து, மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். இட்லிக்குச் சட்னி வேண்டுமோ இல்லையோ, விழுங்கத் தண்ணீர் வேண்டும். ஒரு மாதம் நெஞ்சில் சளி, அடுத்த மாதம் சிறுநீரில் எரிச்சல், அது அடங்கினால் வாயெல்லாம் வெள்ளைப் புண். பனிமூட்டம் வந்து முகத்தை நனைத்துவிட்டுப் போகும், கண் மட்டும் மணல் விழுந்தது போல உறுத்தும். இந்த ஊருக்கு இவ்வளவு ஈரத்தைக் கொடுத்ததில் எனக்கு என்ன லாபம்?

அந்த நாட்களில்தான் ஒவ்வொருவராக என் நல்லதை நினைக்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளிடமிருந்து தொற்றிவிடும் சார் என்று சொல்லி என் ஆங்கில வகுப்பைப் பிடுங்கி என்னை நூலகத்தில் உட்காரவைத்தார் பிரின்சிபால். பிறகு, புத்தகத் தூசி ஆகாதே சார் என்று வீட்டுக்கே அனுப்பினார். கன்னிவாடியில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். "கூட்டம், மசாலாப் புகை, ஒனக்கு ஒத்துக்காதுடா. வீடியோ அனுப்புறோம்" என்றான் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாத எனக்கு மகள் என்று இருந்தவள் அவள்தான். வீடியோவும் வந்தது. யாருமே என்னைக் கேட்கவில்லை. எல்லாரும் முடிவு செய்துவிட்டுச் சொன்னார்கள்.

இதையெல்லாம் யாரிடம் கொட்டினேன்? உன்னிடம்தான். உன் வீட்டு அடுப்படிக்கு வெளியே, பூண்டுத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து. நான் வருகிற நாளில், புகை எனக்கு ஆகாதென்று, நீ அடுப்பையே மூட்டவிடமாட்டாய். வீடே முந்தின நாள் ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடும். "வாத்தியாரு வந்தா எங்களுக்கு ஏகாதசி" என்பாள் செல்லத்தாயி. "இந்த ஊருல வெங்காயம் உரிச்சு அழுகாத ஒரே ஆளுடா நீ, அந்தப் பெருமைக்காவது இரு" என்பாய் நீ. நீ ஒருவன்தான் வீடியோ அனுப்பாமல் அடுப்பை அணைத்தவன். அதனால்தான் உன்மேல் இத்தனை கோபம்.

உன் அப்பா இறந்தபோது உன் தம்பி கேதம் சொல்ல வந்தான். கிளம்பினேன். மழை, சாரல், பந்தலுக்கடியில் இருமலும் தும்மலுமாக ஊர் மொத்தமும் இருந்தது. உன் அப்பா எனக்குக் கம்பளி கொடுத்தவர், எனக்கும் சேர்த்து ஹாஸ்டலுக்கு முறுக்கு அனுப்பியவர். உள்ளே என்னவோ அறுந்தது, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் வரவில்லை. உன் பெரியம்மா எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "படிச்ச வாத்தியாருக்குக் கல்லு மனசு. கண்ணு கலங்குதா பாரு."

நீ மொட்டை போடுவதற்குத் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாய். அப்படியே எழுந்து வந்தாய். என் சட்டைப் பையில் கையைவிட்டுக் குப்பியை எடுத்தாய். "ஏலே, தலையத் தூக்கு." இமையைக் கீழே இழுத்தாய். "மேல பாரு. காக்கா போகுது பாரு." குழந்தைக்குச் சொல்வது போல. ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். நீ பாதிக் குப்பியைக் கவிழ்த்தாய். கன்னம் இரண்டிலும் வழிந்து சட்டைக் காலர் நனைந்தது. பிறகு என் தோளைப் பிடித்துப் பெரியம்மா பக்கம் திருப்பினாய்.

"இந்தா, அழுகுறான். போதுமா? இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

சாவு வீட்டில் சிரிப்பு எழுந்தது. பெரியம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அழுததில்லை.

அந்த வாரமே எனக்கு நிமோனியா. மதுரை ஆஸ்பத்திரியில் பிழைப்பேனா என்று தெரியாமல் கிடந்தேன். பூண்டு விதைப்பை விட்டுவிட்டு நீ வெளியே பெஞ்சில் படுத்துக்கிடந்தாய். எனக்குப் பேச்சு வந்த அன்று, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே போட்டுக்கொண்டு வந்து நின்றாய். "எங்கப்பன் போகையில ஒன்னையும் தொணைக்குக் கூப்புட்டுட்டாருலே. நாந்தான் கேதம் சொல்லிவிட்டேன், எனக்குத்தான் பாவம்" என்றாய்.

அப்போதுதான் உன்னிடம் கேட்டேன். நினைவிருக்கும். "வந்தது என் முடிவு மாப்ள. செத்திருந்தாலும் என் முடிவு. நீயும் எங்க அண்ணன் மாதிரி ஆரம்பிச்சுடாதே. எனக்கு எது ஆபத்து, எங்கே போகணும்னு நான்தான் சொல்லணும்."

"ஒன்னையக் கேக்காம ஒண்ணுஞ் செய்ய மாட்டேன் மாப்ள. எங்கப்பன் மேல ஆணை" என்றாய். ஊசி குத்திய என் கைமேல் உன் கை இருந்தது.

போன ஆடியில் உன் வரத்து நின்றது. போன் செய்தால், "சோலி கெடக்கு மாப்ள, அப்பறம் பேசுறேன்." மறுபடி செய்தால் பின்னால் செல்லத்தாயி ஏதோ சொல்லும் சத்தம், நீ அவசரமாக வைத்துவிடுவாய். குரல் மெலிந்திருந்தது. அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டேன். நோயாளிக் கூட்டாளி எத்தனை வருஷத்துக்குத்தான் இனிப்பான், இவனும் ஓய்ந்துவிட்டான் என்று நினைத்தேன். நீ அப்படி நினைக்கவிட்டாய். கல்லீரலில் கட்டி முற்றி, தேனிக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தவன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கோபம் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

இப்போது செல்லத்தாயிக்கு வருகிறேன். பூண்டுக் கட்டைப் படியில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"அவுகதான் சொல்ல வேணாம்னு சொல்லிட்டாக அண்ணே. ஐப்பசி மழை, ஊரு பூராம் காய்ச்சலு. 'சொன்னா வந்துருவான். வந்தா அப்பா சாவு மாதிரி ஆயிரும். அவன் கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கட்டும், உசுரோட இருந்து கோவிச்சுக்கட்டும்'னாக."

"நீயாவது சொல்லியிருக்கலாம் தாயி."

"சொல்லிருப்பேன். கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாகளே." பூண்டுக் கட்டைப் படியோரம் நகர்த்தினாள். "மழ விட்டு, காய்ச்சலு அடங்கி, பூண்டு பிடுங்கி முடிச்சு, அதுக்கப்பறம் நீயே நேர்ல போயிச் சொல்லுன்னாக. தம்பிய அனுப்பாதன்னாக. அதேன் வந்தேன்."

பிறகு, வேறு யாரோ ஒருத்தி பேசுவது போலக் குரலை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, ஒங்க மாப்ள தவறிட்டாக."

கேதம் கேட்பவன் திருப்பிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. என்னை அறியாமல் என் வாய் அதைக் கேட்டது. "எப்ப எடுக்கிறீங்க?"

அவள் முகம் உடைந்தது. "எடுத்தாச்சு அண்ணே" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அதனால்தான் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. இத்தனை மாதம் கழித்தும் முறைப்படிதான் சொன்னாள். போகும்போது, "மழைக்கு முன்னால ஒருநா வந்துட்டுப் போங்கண்ணே. அன்னிக்கு அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்" என்றாள்.

நீ செய்தது அன்பு என்று சொல்வார்கள். சொல்லட்டும். என் அண்ணனும் அன்பால்தான் வீடியோ அனுப்பினான். பிரின்சிபாலும் என் நல்லதுக்காகத்தான் வகுப்பைப் பிடுங்கினார். உன் கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். அந்த மழையில் வந்திருந்தால் நான் இந்நேரம் உனக்கு எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். இருந்தும், உன்னைத் தூக்கிப் போகும்போது நான் எங்கே நிற்க வேண்டும் என்பதை என்னிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்டது அது ஒன்றைத்தான். உன் அப்பன் மேல் ஆணையிட்டுக் கொடுத்ததும் அது ஒன்றைத்தான். மற்றவர்கள் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, அதனால் உடைக்கவும் இல்லை.

பூண்டுக் கட்டை வெளியே வைக்க வேண்டும். புகை ஏறிய பூண்டு வீட்டுக்குள் எனக்கு ஆகாது; நீ மாட்டிவிட்டுப் போனதையெல்லாம் பிறகு வெளியேதான் எடுத்து வைப்பேன். இந்தத் தடவை சமையலறை ஆணியில்தான் மாட்டினேன். இப்போது கண் எரிகிறது. சட்டைப் பையில் குப்பி இருக்கிறது, எப்போதும் இருக்கும். மணிக்கொரு தரம் தலையைத் தூக்கி, இமையை இழுத்து, மேலே பார்க்கிறேன். மேலே தகரக் கூரை. நீ சொன்ன காக்கா ஒவ்வொரு தடவையும் அதில் போகிறது. உன்னை மறக்கவும் வழியில்லை, மன்னிக்கவும் மனமில்லை.

செல்லத்தாயி சொன்னபடி மழைக்கு முன்னால் நான் வரப்போவதில்லை. ஐப்பசியில், உன் தலைத் திவசத்துக்கு வருவேன். சாரலில், இருமிக்கொண்டிருக்கும் உன் ஊர்க் கூட்டத்துக்கு நடுவே, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நிற்பேன். இதை யாரையும் கேட்டு எடுக்கவில்லை, என் முடிவு. பெரியம்மா ஏதாவது சொன்னால் மருந்தை நானே விட்டுக்கொள்கிறேன். தாராளமாக, கன்னத்தில் வழிகிற மாதிரி.