ஐடா அம்மாளின் கதையும் என் வாயும்

அன்புள்ள அம்மாவுக்கு,

கேப் பிரெட்டனில் பனி குறைந்ததா? முழங்கால் உங்களைப் படியேற விடுகிறதா? ஹாமில்டனில் நான் சுகம். என் வாய் அதைவிடச் சுகம். வெட்கத்தோடு எழுதுவதும் அதனால்தான்.

எங்கள் வானொலிக்காக இந்த ஊர்ப் பழைய கதைகளைப் பதிவு செய்கிறேன் அல்லவா, அதற்காக ஐடா பெல்லினி அம்மாள் வீட்டுக்குப் போனேன். எஃகு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடிய கணவருக்கு மதிலுக்கு மேலே ரொட்டி வீசியவர். அவர் தொடங்கியதுமே எனக்கு அப்பாவின் சுரங்க வேலைநிறுத்தம் ஞாபகம் வந்துவிட்டது. தேநீர் ஊற்றிக் கொடுத்து எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கடன் கேட்டு வந்த கடைக்காரரை நீங்கள் துடைப்பத்தால் துரத்தியது உட்பட. என் பேச்சை வெட்டினால் நிகழ்ச்சியே மிஞ்சாது. அப்படியே ஒலிபரப்பாயிற்று.

பாவம் ஐடா அம்மாள், மகள்களையும் அண்டை வீட்டாரையும் கூட்டி, லசான்யா விருந்து செய்து வைத்து நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறார். அவர் குரலில் வந்ததெல்லாம் "ஆமா", "அப்படியா" மட்டும்தான்.

மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, உங்கம்மா சுகமா? துடைப்பக் கதையக் கேட்டு என் பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. என் ரொட்டிக் கதையத்தான் இன்னும் யாரும் கேக்கல."

மாதக் கடைசியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். தேவாலயத்தில் பிரசங்கம் முடியும்வரை நான் பேசாமலிருக்க வாயில் திணிப்பீர்களே, அந்த வெள்ளைப் புதினா மிட்டாய், அதில் ஒரு பை அனுப்புங்கள். பெரிதாகப் பார்த்து வாங்குங்கள். அவர் கதை நீளமாம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

மர்டோ